அப்பா கேட்ட கேள்வி: 'டாய்லெட் எங்கடா?' - சோளிங்கரில் ஒரு செல்போனுக்குள் உருவாகும் போயிங் விமானம்!

"அக்கா, ஒரு பிளைட்டோட அகலம் எவ்ளோன்னு தெரியுமா?"

போன மாதம் சோளிங்கர் போயிருந்தபோது சித்தி மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். 'எப்ப வந்தே, சாப்டியா' என்பதெல்லாம் அவனுக்கு வராது. ஒன்பதாம் வகுப்பு முடித்து, பத்தாம் வகுப்புக்குள் காலை வைத்திருக்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். "கிளாஸ்ல ஓட்டுவாங்கக்கா." அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அவன் தம்பிதான்.

தம்பி மைன்கிராஃப்ட் விளையாடுகிறான். உங்கள் வீட்டிலும் ஒருவர் விளையாடிக்கொண்டிருக்கலாம். ஸ்வீடனின் மோஜாங் நிறுவனம் 2011-ல் முழுமையாக வெளியிட்ட கேம் இது. 2014-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2023-ல் விற்பனை 30 கோடியைத் தாண்டியது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: அந்த உலகத்தில் எல்லாமே சதுரப் பெட்டிகள். மண், கல், மரம், மாடு எல்லாம். ஒவ்வொரு பெட்டியையும் 'பிளாக்' என்பார்கள். ஒரு பிளாக் என்பது 1 மீட்டர் கணக்கு. அதை அடுக்கி எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

தம்பி கட்டுவது போயிங் 737-800.

ஏன் அந்த விமானம்? அதற்கு சோளிங்கர் வானத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் 1,305 படிகள் ஏறிப் பார்க்கும் யோக நரசிம்மர். 2024 முதல் ரோப் காரும் வந்துவிட்டதால், முட்டி வலிக்காரர்களுக்கும் தரிசனம் உண்டு. ஆனால், மலைமேல் நிற்கும் சின்னப் பசங்க கோபுரத்தைவிட வானத்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். பக்கத்து அரக்கோணத்தில் இருக்கிறது கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளம். 1992-ல் தொடங்கப்பட்டது. ரஷ்யாவின் டி.யு-142 விமானங்கள் 2017 வரை அங்கிருந்துதான் பறந்தன. நான்கு இன்ஜின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு விசிறி. "அது போனா வீட்ல பாத்திரம் அதிரும்" என்பார் சித்தப்பா.

இப்போது அங்கே இருப்பது பி-8ஐ. 2013-ல் வந்தது. கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் விமானம். ஆனால், அதன் உடம்பு 737-800 பயணிகள் விமானத்தினுடையது. விமான நிலையத்தையே பார்க்காத தம்பிக்கு, மொட்டை மாடியிலிருந்து பார்க்கக் கிடைத்த ஒரே போயிங் அதுதான்.

அதனால் ஒரு தமாஷும் நடந்தது. முதலில் கட்டிய விமானத்தின் படத்தை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். வால் நுனியில் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருந்தது. இறக்கை நுனிகள் கத்தி மாதிரி நேராகப் பின்னால் போயிருந்தன. நான் ஒருமுறை 737-ல் டெல்லி போயிருக்கிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்த இறக்கையின் நுனி மேல்நோக்கி மடிந்திருந்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குச்சி என்னவென்று தேடிப் பார்த்தால், நீர்மூழ்கியின் இரும்பு உடம்பால் பூமியின் காந்தப்புலத்தில் வரும் சின்ன மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவி! பயணிகள் விமானத்தில் அதை வைத்திருந்தான் எங்கள் தம்பி. சொன்னதும் இரண்டு நாள் பேசவில்லை.

3.76 மீட்டர் என்ற தலைவலி

சரி, அகலத்துக்கு வருவோம். 737-ன் உடல் அகலம் 3.76 மீட்டர். ஒரு மீட்டருக்கு ஒரு பிளாக் என்று போட்டால் 4 பிளாக். அதில் இரண்டு பக்கச் சுவருக்கு இரண்டு போனால் உள்ளே மிச்சம் இரண்டு. அதற்குள் ஆறு சீட்டும் நடைபாதையும் எப்படி வரும்? 2020-ல் 'பில்ட் தி எர்த்' என்று, மொத்த பூமியையும் இந்த கேமில் நிஜ அளவில் கட்டக் கிளம்பினார்கள். வெளியிலிருந்து பார்க்கும் கட்டடங்களுக்கு அந்த அளவு சரி. விமானத்துக்குள் நடக்க ஆசைப்பட்டால் சரிப்படாது.

தம்பி கணக்கைத் தலைகீழாகப் போட்டான். ஆறு சீட்டுக்கு ஆறு பிளாக், நடைபாதைக்கு ஒன்று, சுவருக்கு இரண்டு. மொத்தம் 9. அப்படியென்றால் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2.4 பிளாக். அதே கணக்கில் 39.5 மீட்டர் நீளம் 95 பிளாக் ஆகிறது. 35.8 மீட்டர் இறக்கை அகலம் 86 பிளாக். வாலின் உயரம் 30 பிளாக்.

"ஆறாங்கிளாஸ்ல விகிதம் நடத்துனப்ப தூங்கிட்டேன்கா. இப்பதான் புரியுது" என்றான். சித்தி அடுப்படியிலிருந்தே முறைத்தார்.

இறக்கைதான் அழகு. 737-ன் இறக்கை சுமார் 25 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். பெட்டிகளில் சாய்வு கிடையாது. ஆனால், ஏறக்குறைய இரண்டு பிளாக் வெளியே போனால் ஒரு பிளாக் பின்னால் என்று வைத்துக்கொண்டே போனால், தூரத்திலிருந்து பார்க்கும்போது அதே சாய்வு வந்துவிடுகிறது. இறக்கை மேல்நோக்கியும் 6 டிகிரி ஏறும். அதற்குப் பத்து பிளாக்குக்கு ஒரு பிளாக் உயரம். ஒரேயடியாக ஏற்றினால் படிக்கட்டு மாதிரி தெரியும் என்பதால், பாதி உயரப் பிளாக்கை ஐந்துக்கு ஒருமுறை வைக்கிறான்.

இன்ஜினில் மட்டும் போயிங்கே அவனுக்கு உதவி செய்திருக்கிறது. 737 முதலில் பறந்தது 1967-ல். வசதியில்லாத சின்ன ஏர்போர்ட்களிலும் பெட்டிகளைக் கையால் ஏற்றி இறக்க வேண்டும் என்று, தரையோடு தாழ்வாக வடிவமைத்தார்கள். பிற்பாடு பெரிய இன்ஜின் மாட்டியபோது தரையில் இடிக்காமல் இருக்க அதன் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கினார்கள். அடுத்த முறை 737-ஐப் பார்த்தால் கவனியுங்கள், இன்ஜின் வாய் முழு வட்டமாக இருக்காது. தட்டையான அடிப்பக்கம் பெட்டிகளால் கட்டுகிறவனுக்கு லட்டு மாதிரி.

ஒரே நாளில் காணாமல் போன மூன்று மாதம்

நான் பார்த்தது அவன் கட்டிய இரண்டாவது விமானம். முதலாவது இப்போது இல்லை.

சித்தப்பாவின் பழைய போனில்தான் கட்டிக்கொண்டிருந்தான். போன் அடிக்கடி சூடாகி நின்றுபோகிறதென்று, சித்தப்பா அதை ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கிக் கொடுத்துவிட்டார்கள். கேமைத் திரும்பவும் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் இருந்த உலகம் போனது போனதுதான். மூன்று மாத வேலை. அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை. "ஒரு கேம் போனதுக்கா இவ்ளோ?" என்று சித்தி கேட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

(உங்கள் வீட்டுப் பிள்ளையும் கட்டுகிறார் என்றால், இப்போதே ஒன்று செய்யுங்கள். கேமில் அந்த உலகத்தின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பென்சில் குறியைத் தொட்டால், உள்ளே 'எக்ஸ்போர்ட் வேர்ல்ட்' என்று இருக்கும். அதில் கிடைக்கும் ஃபைலை வேறு எங்காவது பத்திரப்படுத்துங்கள். தம்பி இப்போது ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு அனுப்பிவிடுகிறான். என் லேப்டாப்பில் ஆறு விமானங்கள் நிற்கின்றன.)

கேம் என்றாலே எரிந்து விழும் சித்தப்பா அதன் பிறகுதான் கதைக்குள் வந்தார். ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருக்கிறார். 20 வருஷ வேலை. கால் வடிவ அச்சை அவர்கள் 'லாஸ்ட்' என்பார்கள். முழுக்க வளைவுதான், ஒரு இடம்கூட நேர் கிடையாது. அதன்மேல் டேப் ஒட்டி, நடுக்கோடு போட்டு, வடிவம் வரைந்து, டேப்பைக் கீறி எடுத்து அட்டையில் தட்டையாக ஒட்டுவார்கள். அந்த அட்டையின் அளவில்தான் தோல் வெட்டப்படும். வளைவைத் தட்டையாக்குவதும், தட்டையை மறுபடி வளைவாக்குவதும்தான் அவருடைய தினசரி வேலை.

மகனின் இரண்டாவது விமானத்தின் மூக்கு கோணிக்கொண்டு நின்றதைப் பார்த்து, அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

"நடுக்கோடு எங்கடா? கோடு போடாம வெட்டுனா ஒரு பக்கம் இழுத்துக்கும். மூக்க அப்டியே பாக்காத. குறுக்க வெட்டி வெட்டிப் பாரு."

நோட்டில் வளையம் வளையமாக வரைந்து கொடுத்திருக்கிறார். உடம்பில் 9 பிளாக் வளையம், அடுத்து 7, 5, 3. எல்லாம் ஒற்றைப்படை. அப்போதுதான் நடுவில் ஒரு பிளாக் நிற்கும். நிஜ விமானமும் இப்படி வளையச் சட்டங்களை வரிசையாக நிறுத்தித்தான் செய்யப்படுகிறது என்பது அவருக்குத் தெரியாது. 737-ன் உடலை அமெரிக்காவின் விச்சிட்டாவில் செய்து, ரயிலில் ஏற்றி, ரென்டன் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் இறக்கை மாட்டுகிறார்கள் என்று நான் சொன்னதும் சிரித்துவிட்டார். "பிளைட்டே ரயில்ல போவுதா?"

முதல் விமானத்துக்கு மூன்று மாதம். இது ஐந்து வாரத்தில் வெளிப்பக்கம் முடிந்துவிட்டது. இந்த முறை குச்சி இல்லை. இறக்கை நுனி மேல்நோக்கி மடிந்திருக்கிறது.

27-வது வரிசை

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தம்பி அப்பாவை விமானத்துக்குள் கூட்டிப்போனான். சித்தப்பா இதுவரை விமானம் ஏறியதில்லை. அவர் வெட்டிக் கொடுத்த அளவில் தைத்த ஷூக்கள் ஐரோப்பாவுக்குப் போகின்றன, அவையும் பெரும்பாலும் கப்பலில்தான். கட்டை விரலால் திரையைத் தள்ளித் தள்ளி, இரண்டு தடவை சுவரில் முட்டி, ஒருவழியாக நடைபாதைக்கு வந்தார்.

இந்த அளவில் விமானத்துக்குள் நடக்கும் நாம் ஒரு வயசுக் குழந்தை உயரம்தான் இருப்போம். கூரை எங்கேயோ இருந்தது. இருபுறமும் நீல நிற சீட்டுகள். ஒவ்வொரு வரிசைக்கும் சரியாக ஒரு ஜன்னல். நிஜ விமானத்தில் காசு கொடுத்தாலும் இந்த வசதிக்கு உத்தரவாதம் கிடையாது.

கடைசி வரை போய்த் திரும்பியவர் கேட்டார்: "எல்லாம் சரி. டாய்லெட் எங்கடா?"

தம்பி விழித்தான். பிறகு நோட்டை எடுத்தான். 30 மீட்டர் கேபின் என்றால் 72 பிளாக். வரிசைக்கு இரண்டு பிளாக் வீதம் 32 வரிசைக்கு 64. மிச்சம் 8. முன்னால் நான்கு, பின்னால் நான்கு. "வரும்பா. டாய்லெட்டும் வரும், கிச்சனும் வரும்."

சித்தப்பாவுக்கு அடுத்த குறை. சீட்டில் உட்கார முடியவில்லை. அவை உண்மையில் படிக்கட்டுப் பிளாக்குகள். மைன்கிராஃப்ட்டில் படிக்கட்டில் உட்காரும் வசதி இல்லை. தம்பி கொஞ்ச நேரம் யோசித்தான். ஒரு சீட்டைப் பெயர்த்துவிட்டு, அங்கே ஒரே ஒரு துண்டு தண்டவாளம் வைத்து, அதன்மேல் ஒரு தள்ளுவண்டியை வைக்கலாம். வண்டியில் ஏறினால் உட்கார்ந்த மாதிரிதான்.

"எந்த சீட்டுப்பா வேணும்?"

"ஜன்னலோரம். றெக்கை மறைக்கக் கூடாது."

27-வது வரிசையில், இடது ஓரத்தில் வைத்தான்.