யாருக்கும் வேண்டாதவர் ஓடிய 99 கெஜம்… தெரியுமா?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆண்டுக்கொரு முறை டிராஃப்ட் நடக்கும், தெரியுமா? கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை 32 அணிகளும் ஏழு சுற்றுகளில் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்கும். 2010-ல் 255 பேரைக் கூப்பிட்டார்கள். விக்டர் க்ரூஸைக் கூப்பிட ஆளில்லை! ஐ.பி.எல். ஏலத்தில் விலைபோகாத கதைதான். அதற்கு முன்பே மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் அவரைப் படிப்பு சரியில்லை என்று இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. மூன்றாவது முறை போய் ஆடியதே பெரிய விஷயம்!

சொந்த ஊர் நியூஜெர்சியின் பேட்டர்சன். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நியூயார்க் ஜயன்ட்ஸின் மைதானம். வந்து பார் என்று அந்த அணி கூப்பிட்டது. க்ரூஸ் ஒரு வைட் ரிசீவர், அதாவது குவார்ட்டர்பேக் வீசுகிற பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுபவர். ஆகஸ்ட் 16, புத்தம்புது மைதானம், ஜெட்ஸ் அணியோடு பயிற்சி ஆட்டம். 3-ம் எண் சட்டை போட்ட ஊர் பேர் தெரியாத பையன் ஆறு பந்து பிடித்தான்; 145 கெஜம், மூன்று டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது)! ஆனால் தொடைத் தசை இழுத்துக்கொள்ள, அந்த சீசனின் நிஜ ஆட்டங்களில் ஒரு கேட்ச்சும் இல்லை.

இனிமேல்தான் ஆச்சரியமே! 2011 டிசம்பர் 24. எதிரே அதே ஜெட்ஸ், ஜயன்ட்ஸ் பின்தங்கியிருக்கிறது. பந்து இருப்பதோ சொந்த எல்லைக்கோட்டிலிருந்து வெறும் ஒரு கெஜத்தில். மூன்றாவது வாய்ப்பு, பத்து கெஜம் போயாக வேண்டும். குவார்ட்டர்பேக் எலை மேனிங் தன் எல்லைக்குள்ளேயே நின்று வீசுகிறார். சுமார் பத்து கெஜத்தில் க்ரூஸ் பிடிக்கிறார். மறிக்க வந்த இருவரும் கோட்டைவிட, ஓரக்கோட்டை ஒட்டி ஒரே ஓட்டம்! 99 கெஜம். அந்த விளையாட்டில் ஒரு பாஸ் இதைவிட நீளமாக இருக்கவே முடியாது. 100 கெஜ மைதானத்தில் அதற்குமேல் இடமே கிடையாது! ஆட்டத்தின் போக்கே அதோடு மாறியது. அந்த சீசனில் அவர் சேர்த்தது 1,536 கெஜம், ஜயன்ட்ஸின் வரலாற்றில் புதிய சாதனை. பிப்ரவரியில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வந்தது. ஜயன்ட்ஸின் முதல் டச் டவுன் யாருடையது என்கிறீர்கள்? அவருடையதேதான்! கோப்பையும் கிடைத்தது.

ஒவ்வொரு டச் டவுனுக்கும் ஒரு சல்சா ஆட்டம் உண்டு. சின்ன வயதில் பாட்டி கற்றுக்கொடுத்தது. போர்ட்டோ ரிக்கோ வம்சம் அல்லவா, இடுப்பு தானாக அசையும்! 2013-ல் ஐந்தாண்டு ஒப்பந்தம், 4.3 கோடி டாலர் வரை. யாரும் கேட்காத பையனுக்கு!

மறு ஆண்டே அடி. அக்டோபர் 12, ஃபிலடெல்ஃபியா. பந்துக்கு எம்பியபோது முழங்கால் தசைநார் அறுந்தது. அழுதுகொண்டே வண்டியில் வெளியேறினார். முதல் டச் டவுனை அடித்ததும் அதே மைதானத்தில்தான் என்பது கொடுமை. சரியாக 700 நாள் கழித்து டாலஸில் இறங்கினார். வெற்றிக்கான டச் டவுன் அவர் கையில், உடனே சல்சா! என்னைக் கேட்டால் சூப்பர் பவுலைவிட இதுதான் பெரிது. ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. அந்த சீசன் முடிந்ததும் ஜயன்ட்ஸ் விடுவித்துவிட்டது, 2018-ல் ஓய்வு.

க்ரூஸைப் போலவே யாருக்கும் வேண்டாத இன்னொருவரும் உண்டு: டிராஃப்டில் யாரும் எடுக்காமலே 10,000 கெஜத்தைத் தொட்ட முதல் ஆள், டென்வர் அணியின் ராட் ஸ்மித். 1995-ல் அவர் பிடித்த முதல் பந்தே 43 கெஜ டச் டவுன், அதுவும் ஆட்டத்தின் கடைசி நொடியில், வெற்றியோடு!