கோதண்டம் செய்த கதை



காஞ்சிக் கயிலாசநாதர் கோயில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பியது. அங்கே திரிபுரம் எரித்த பெருமானின் சிற்பத்தின் முன் நின்றபோது, பழங்கால வில் ஒன்றைச் செய்து பார்த்தல் வேண்டும் என்னும் ஆசை எனக்கு எழுந்தது.

கல்லில் வடித்த வில் நிற்கும். மரவில் நிற்பது அரிது. ஈரமும் கரையானும் அதனைத் தின்றுவிடும். தென்மார்க்கு நாட்டில் 1944ஆம் ஆண்டு கிடைத்த எல்ம் மரவில் ஏறத்தாழ 9000 ஆண்டுப் பழமை உடையது. சதுப்புச் சேறு அதனைக் காத்தது. எனக்கோ நூலே துணை. சாமசாஸ்திரி 1909இல் மைசூரில் பதிப்பித்த அர்த்தசாத்திரம், பனை, மூங்கில், மரம், கொம்பு ஆகியவற்றால் வில் செய்யலாம் என்கிறது. மூங்கில் வில்லுக்கு அது தரும் பெயர் கோதண்டம். எருக்கு நார், சணப்பு நார், நரம்பு முதலியவை நாணுக்கு உரியன.

நிழலில் நன்கு உலர்ந்த மூங்கிலைப் பிளந்து, ஐந்தடிப் பட்டை ஒன்று எடுத்தேன். கணுக்கள் புடைத்திருந்தமை கண்ணை உறுத்தவே, மேல்தோலை இழைத்து வழவழப்பாக்கினேன். நாணேற்றி இழுத்தேன், கணுவிலேயே முறிந்தது. பல நாள் உழைப்பு ஒரு நொடியில் போயிற்று.

காரணம் பின்னரே விளங்கிற்று. வில் வளையும்போது இலக்கை நோக்கிய புறம் நீள்கிறது; நம்மை நோக்கிய அகம் நெருக்குண்கிறது. மூங்கிலின் வலிய நார்கள் மேல்தோலை அடுத்தே செறிந்துள்ளன. அழகு செய்யப் புகுந்து அந்நார்களை நான் அறுத்துவிட்டேன்.

இரண்டாம் பட்டையில் மேல்தோலைத் தொடவில்லை. உட்புறத்தை மட்டும் சிறிது சிறிதாகச் சீவினேன். நடுவில் தடிப்பு, நுனிகளை நோக்கிச் சன்னம். ஒவ்வொரு முறையும் சற்றே வளைத்துப் பார்த்து, வளையாத இடத்தில் மட்டும் சீவுதல் வேண்டும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் அருகிருந்து நோக்கி, “ஐயா, பாவில் ஓர் இழை இறுகினாலும் சேலை சுருங்கிவிடும். இதோ, மேல்கை இறுகி நிற்கிறதே!” என்றார். அவர் சுட்டிய இடத்தைச் சீவினேன். இரு கைகளும் ஒத்து வளைந்தன.

முடிவாக, உட்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி உலரவிட்டேன். சணப்பு நாரை முறுக்கி நாணாக்கி, தேன்மெழுகு தடவினேன். பிடியில் சுற்றப் பட்டுநூல் தந்தவரும் அந்நெசவாளரே.

இவ்வில்லில் அம்பின்றி நாணை இழுத்து விடுதல் ஆகாது. அம்பு கொண்டுசெல்ல வேண்டிய விசை வில்லையே தாக்கும். எய்து முடிந்ததும் நாணை இறக்கிவிட வேண்டும். இல்லையேல் வளைவு நிலைத்து விசை குன்றும். முறிந்த முதல் வில்லையும் நான் எறிந்துவிடவில்லை. வில்லைக் காண வரும் சிறுவர்க்கு முதலில் அதனையே எடுத்துக் காட்டுகிறேன்.