பதினோரு விநாடி

மாரத்தான் ஓட்டத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தூரத்தைக் கண்டே பிரமிக்கின்றனர். 26 மைல் 385 கஜம், அதாவது 42.195 கிலோமீட்டர். நமது நேயர்களுக்கு விளங்கும்படி சொன்னால், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் போய்த் திரும்பும் வழியைவிடச் சற்று அதிகம். ஆயினும் தூரம் இவ்விஷயத்தில் பெரிதன்று. வயிற்றுப் பிழைப்புக்காக நாள்தோறும் நடந்துழலும் நம் நாட்டு ஸ்திரீகளுக்குத் தூரம் புதிதுமன்று. வழக்கு முழுவதும் காலத்தைப் பற்றியது.

2015ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் பெய்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டியில் கேரளத்து ஓ. பி. ஜெய்ஷா இத்தூரத்தை 2 மணி 34 நிமிஷம் 43 விநாடியில் ஓடினார். இந்திய ஸ்திரீ ஒருவர் அதுகாறும் ஓடியவற்றுள் அதுவே விரைவானது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்து முடிந்த பிறகும் அது முறியடிக்கப்படவில்லை. அந்தப் பாரிஸ் பந்தயத்திற்கு நேரடித் தகுதியாக விதிக்கப்பட்ட காலமோ 2 மணி 26 நிமிஷம் 50 விநாடி. இரண்டுக்கும் இடையே உள்ளது 7 நிமிஷம் 53 விநாடி. காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஜெய்ஷா ஒரு கிலோமீட்டரை 3 நிமிஷம் 40 விநாடியில் கடந்திருக்கிறார். கடக்க வேண்டியது ஏறக்குறைய 3 நிமிஷம் 29 விநாடியில். கிலோமீட்டருக்குப் பதினோரு விநாடி. நூற்று நாற்பது கோடி ஜனங்கள் வாழும் தேசம் இந்தப் பதினோரு விநாடியைக் கண்டெடுக்க இயலாமல், டோக்கியோ ஒலிம்பிக்குக்கோ பாரிஸுக்கோ ஒரு மாரத்தான் ஓட்டக்காரியைக்கூட அனுப்பாமல் இருந்துவிட்டது. இதைத் தற்செயலென்று கொள்ள நமக்கு மனமில்லை.

அனுப்பிய காலமும் ஒன்று உண்டு. 2015ஆம் வருஷம் ஜனவரியில் பம்பாய் நகரத்துப் பந்தயத்தில் ஜெய்ஷாவும், ரேபரேலியைச் சேர்ந்த சுதா சிங்கும், சதாரா ஜில்லாவின் வறண்ட பிரதேசத்திலிருந்து வந்த லலிதா பாபரும் ஒருவர் பின் ஒருவராக முடிவுக்கோட்டைக் கடந்தனர். மூவரும் தகுதிக் காலத்துக்கு உட்பட்டே ஓடியிருந்தனர். மறுவருஷம் தென்னாசியப் போட்டியில் நாசிக் ஜில்லாவின் மலைக்குடிப் பெண்ணான கவிதா ராவுத் 2 மணி 38 நிமிஷம் 38 விநாடியில் வென்று தாமும் தகுதி பெற்றார். அதே போட்டியில் நமது புதுக்கோட்டைச் சூர்யா 5000 மீட்டர், 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் கொணர்ந்ததைத் தமிழ்ப் பத்திரிகைகள் இன்னும் சற்றுப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம். உதகமண்டலத்தின் உயரத்தில் முகாமிட்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடிப் பழகிய பலன் அக்காலத்தில் கண்கூடாகத் தெரிந்தது. இவர்களுள் பலர் எளிய கிராமக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு சிறு கூட்டத்துக்கு ஒழுங்கான பயிற்சியும் ஆகாரமும் ஓய்வும் கிடைத்தபோது இத்தனை பேர் ஒருங்கே எழும்பினர் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதன் பின் நடந்தது தேசத்துக்குக் கௌரவம் தருவதன்று. 2016ஆம் வருஷம் ஆகஸ்டு 14ஆம் தேதி ரியோ நகரத்து வெயிலில் ஜெய்ஷா 2 மணி 47 நிமிஷம் 19 விநாடியில் ஓடி 89ஆவதாக வந்து, கோட்டைத் தாண்டியதும் மூர்ச்சையாகி விழுந்தார். மற்ற நாட்டார் தம் ஓட்டக்காரிகளுக்கு வழிநெடுகத் தண்ணீரும் பானமும் வைத்துக் காத்து நின்றதாகவும், இந்தியாவின் பெயர் எழுதிய மேஜைகள் வெறுமையாய்க் கிடந்ததாகவும் அவர் சொன்னார். தடகள சம்மேளனமோ, பானம் வேண்டுமாவென்று முன்னரே கேட்டதாகவும், ஓட்டக்காரிகளும் பயிற்சியாளரும் வேண்டாமென்றதாகவும் பதிலளித்தது. சர்க்கார் விசாரணைக்கு உத்தரவிட்டது. நமது தொழில் வழக்காடுவது. ஆதலின் எதிர்த்தரப்பின் கூற்றை அப்படியே ஒப்புக்கொண்டு பார்ப்போம். வேண்டாமென்றார் என்றே வைத்துக்கொள்வோம். இரண்டே முக்கால் மணி நேரம் வெயிலில் ஓடப் போகிற ஒருத்தி முந்திய நாள் வேண்டாமென்றாள் என்பது, மறுநாள் ஒரு குவளை நீருடன் நிற்க வேண்டிய கடமையிலிருந்து அதிகாரியை விடுவிக்குமா? தன் கட்சிக்காரர் பசிக்கவில்லை என்றாரென்று அவருடைய சாட்சியை அழைக்காமல் விட்ட வக்கீலை எந்த நியாயஸ்தலமும் மெச்சாது.

பெண்டிர் நெடுந்தூரம் ஓடலாகாது என்ற சாஸ்திரம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதென்று எண்ணி நாணமடைய வேண்டியதில்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் 800 மீட்டர் ஓடினர். ஓடியவர்கள் சுருண்டு விழுந்ததாக ஐரோப்பிய, அமெரிக்கப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுதின. அவ்வோட்டம் 1960 வரை பெண்களுக்கு ஒலிம்பிக்கில் மறுக்கப்பட்டது. பத்திரிகைக்காரனின் பேனா முப்பத்திரண்டு வருஷம் ஒரு கதவை அடைத்து வைத்ததை எண்ணும்போது நமக்கே கூச்சம் உண்டாகிறது. 1967இல் பாஸ்டன் பந்தயத்தில் காத்தரின் ஸ்விட்சர் என்னும் மாதை ஓட்டத்தின் நடுவில் பிடித்து இழுக்க ஒரு நிர்வாகி பாய்ந்தார். ஆடவர் மாரத்தான் 1896இலேயே ஒலிம்பிக்கில் சேர்ந்திருக்க, பெண்கள் மாரத்தான் சேர்ந்தது 1984இல்தான். அன்று ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் வென்றார். 2023இல் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அஸெபா பெர்லினில் 2 மணி 11 நிமிஷம் 53 விநாடியில் ஓடினார். 1952இல் ஹெல்சிங்கியில் உலகமே வியந்த ஜாட்டபெக் ஆடவர் மாரத்தானை வென்ற காலம் 2 மணி 23 நிமிஷம் சொச்சம். இந்தியப் பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக் ஓட்டத்தில் கால் வைத்ததும் அதே ஹெல்சிங்கியில்தான். அங்கிருந்து புறப்பட்டு அடிமை தேசமாயிருந்த எத்தனையோ ஆப்பிரிக்க நாடுகள் எங்கே சென்றுவிட்டன, நாம் எங்கே நிற்கிறோம்!

இனிப் பழவேற்காட்டுக்கு வருவோம். டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டி வியாபாரம் நடத்திய ஊர் அது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அதனுடையது. கோட்டைக்குப்பம் முதலிய குப்பங்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் விழும் நல்ல நீர்ப்பகுதிகளில் இன்று யார் வலை கட்டுவது, நாளை யார் கட்டுவது என்பதைச் சீட்டுப்போட்டு முறை வைத்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு. சட்டப் புத்தகம் எதுவும் எழுதித் தராத நீதி அது. நாம் அதை மதிக்கிறோம். ஆனால் அந்தச் சீட்டில் ஆடவர் பெயர் மட்டுமே வரும். மீனை விற்பவள், காயவைப்பவள், கூடை சுமந்து சந்தைக்குப் போகிறவள் பெண். இருளர் பெண்களோ வலையும் இல்லாமல், இடுப்பளவு நீரிலும் சேற்றிலும் குனிந்து, ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கைகளாலும் துழாவி இறாலைப் பிடிக்கின்றனர். வெள்ளமும் வற்றலும் வைக்கும் கெடுவே அவர்களுடைய கடிகாரம்.

இதைக் கண்டுவிட்டு, "ஆகா, இப்பெண்களுக்குப் பயிற்சி எதற்கு? பிறவியிலேயே உறுதி படைத்தவர்கள்" என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அந்தப் புகழ்ச்சியை நாம் ஏற்பதற்கில்லை. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. மாரத்தானுக்குப் பழகுகிறவள் வாரத்தில் பெரும்பகுதி மெதுவாகவே ஓடுகிறாள். ஒரு நாள் நெடுந்தூரம். ஓரிரு நாள் விரைவு. மற்றப்படி உண்பதும் உறங்குவதும் அவள் பயிற்சியைச் சேர்ந்தவையே. களைத்த தசை ஓய்விலேதான் வலுப்பெறுகிறது. ஏழைப் பெண்ணுக்கு முதற் பாதி இலவசமாகவும் ஏராளமாகவும் கிடைக்கிறது. இரண்டாவது பாதி அவள் ஆயுளில் கிடைப்பதில்லை. காலத்தை வெல்ல வேண்டுமானால் முதலில் அவளுக்கென்று காலம் இருக்க வேண்டுமல்லவா? விடியற்காலை இரண்டு மணி நேரம் தன்னுடையதென்று சொல்லக்கூடிய பெண் எந்தக் குப்பத்தில் இருக்கிறாள்?

அந்தப் பதினோரு விநாடி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம். நெடுந்தூர ஓட்டம் பிராணவாயுவைக் கொண்டு நடப்பது. அதைச் சுமப்பது இரத்தத்தின் சிவப்பணு. சிவப்பணுவுக்கு ஆதாரம் இரும்புச்சத்து. உதகைக்குப் போய்ப் பழகுவதே மெல்லிய காற்றில் சிவப்பணு பெருகட்டும் என்பதற்காக. இரும்பு இல்லாத உடலை எந்த மலையில் ஏற்றினாலும் பயனில்லை. தேசியக் குடும்ப நல ஐந்தாம் கணக்கெடுப்பு (2019-21) கூறுவது யாது? இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 பேருக்கு. பந்தயத் துப்பாக்கி வெடிக்குமுன்பே நம் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் தோற்றுவிட்டனர் என்பதே இதன் பொருள். பெரிய இறால் கப்பலேறிப் போகிறது. அதைத் துழாவிப் பிடித்தவளின் தட்டில் என்ன விழுகிறது என்று யாரேனும் எழுதி வைத்திருக்கின்றனரா?

நமது வாசகரில் தேசத் தொண்டர் பலர். அவர்கள் முகம் சுளிப்பது நமக்குத் தெரிகிறது. முகத்துவாரம் மணல் மூடி மீன்வரத்துக் குறைகிறது. காட்டுப்பள்ளித் துறைமுக விஸ்தரிப்பு வந்தால் பிழைப்பு போய்விடும் என்று மீனவர் போராடுகின்றனர். இந்த வேளையில் ஓட்டப் பந்தயமா? என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் போராட்டத்தில் கொளுத்தும் வெயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர்களும் இதே பெண்கள்தாம். ஏரி காப்பாற்றப்பட்டால் பாடு ஆடவனுக்குப் போகும்; இவளுக்கு என்ன போகும் என்று கேட்பது ஏரிக்கு விரோதமான பேச்சாகாது.

இப்போது கேட்க வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சத்துணவும் முட்டையும் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பில் ஓடப் பழகும் பெண்களுக்கு அவற்றைத் தொடர வேண்டும். பள்ளிகளில் இரும்புச்சத்து மாத்திரை வழங்கும் திட்டம் இருக்கிறது. மாத்திரை கொடுத்ததற்குக் கணக்கு வைப்பதுபோல், ஆறு மாதத்துக்கொரு முறை இரத்தம் சோதித்து, ஏறியதா இறங்கியதா என்பதற்கும் கணக்கு வைக்க வேண்டும். கரையோரப் பள்ளிகளுக்குப் பெண் தேகப்பயிற்சி ஆசிரியை ஒருவரும், நிறுத்துக் கடிகாரம் ஒன்றும். பொன்னேரிச் சாலையில் விடியுமுன் ஓடும் பெண்ணுக்கு அச்சமில்லாதபடி விளக்கு. கிராம சபை சுதந்திர தினத்தன்றும் காந்தி ஜயந்தியன்றும் கூடுகிறது. பழவேற்காட்டுப் பகுதித் தொண்டர்கள், ஏரியைப் பற்றிய தீர்மானத்தோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதிக் கொண்டு போகட்டும். அதைப் பிரேரிப்பவர் ஒரு பெண்ணாக இருக்கட்டும்.