சென்சார் பொய் சொல்லுமா?



"கார்ப்பரேட்டர் இருந்தவரைக்கும் ஒரு ஸ்குரூ டிரைவர் போதும்ப்பா. இந்த எம்.பி.எஃப்.ஐ. வந்தப்புறம் நமக்கு என்ன வேலை?" என்று அலுத்துக்கொள்ளும் பழைய மெக்கானிக்குகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேலை குறையவில்லை, கருவிதான் மாறியிருக்கிறது. மின்னியல் ஆய்வகத்தில் நாம் தொட்ட மல்டிமீட்டரும் ஓம் விதியும் போதும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மாருதி 800 காரையே எடுத்துக்கொள்வோம். 1983-இல் கார்ப்பரேட்டருடன் வந்த வண்டி. பிறகு எம்.பி.எஃப்.ஐ.க்கு மாறியது. 2014-இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் இன்றும் நம் தெருக்களில் ஓடுகிறது. இதன் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாருக்குள் இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். 20 டிகிரியில் ஏறத்தாழ 2.4 கிலோ ஓம், 40-இல் 1.2 கிலோ ஓம், 80-இல் வெறும் 0.3 கிலோ ஓம். இ.சி.யூ. 5 வோல்ட்டை ஒரு நிலையான மின்தடை வழியாக இதற்கு அனுப்பி, சென்சாரில் கிடைக்கும் வோல்ட்டேஜைப் பார்த்து என்ஜின் சூட்டைத் தெரிந்துகொள்கிறது. குளிர்ந்த என்ஜின் என்றால் பெட்ரோலைக் கூட்டும். சூடானால் குறைக்கும்.

எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் பழைய 800-இல் மைலேஜ் சரிந்தது, கரும்புகை வந்தது. ஓடி நின்ற வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. ஒரு பணிமனையில், "கம்ப்யூட்டர் போச்சு, மாத்திடணும்" என்று சொல்லிவிட்டார்கள். கேட்ட தொகை அவருடைய ஒரு மாத வருமானத்தைத் தாண்டியது. செக் என்ஜின் விளக்கோ எரியவே இல்லை!

ஏன் எரியவில்லை? வயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ வோல்ட்டேஜ் எல்லை தாண்டும், விளக்கு எரியும். சென்சார் எல்லைக்குள்ளேயே தவறான கணக்குக் கொடுத்தால் இ.சி.யூ. பெரும்பாலும் அப்படியே நம்பிவிடும். ஆக, பொய்யைப் பிடிக்க வேண்டியது நாம்தான்.

முதலில் வயரிங். இக்னிஷனை அணைத்து கனெக்டரைக் கழற்றுங்கள். பச்சை பூத்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இக்னிஷனை மட்டும் போட்டு, வயர் பக்கம் இரு பின்களுக்கு இடையே அளந்தால் சுமார் 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வயர், எர்த், இ.சி.யூ. ஆகியவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும். புது சென்சார் வாங்கிப் பயனில்லை.

அடுத்து சென்சார். அதைக் கழற்றி, உலோக முனையை மட்டும் தண்ணீரில் நனையும்படி பிடித்து, வெப்பமானியுடன் சூடாக்கிக்கொண்டே ஓம் பாருங்கள். அண்ணன் வண்டியில் அதைத்தான் செய்தோம். 80 டிகிரி தண்ணீரில் 1.2 கிலோ ஓம் காட்டியது. அதாவது கொதிக்கிற என்ஜினை 40 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தது! பெட்ரோல் ஏன் குடிக்காது? ரேடியேட்டர் ஃபேனை இ.சி.யூ. இயக்கும் வண்டிகளில் இந்தப் பொய் இன்னும் ஆபத்து. ஃபேன் ஓடாமல் என்ஜினே கெட்டுவிடலாம்.

மாற்றும்போது கவனம் தேவை. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கூலன்ட் முகத்தில் பீறிடும். கொஞ்சம் கூலன்ட்டை வடித்துவிட்டு, டீப் சாக்கெட்டால் கழற்றுங்கள். சில கார்களில் மீட்டர் முள்ளுக்கு ஒற்றை வயர் சென்சார் தனியாக இருக்கும், ஆள் மாறிவிடாதீர்கள். புதியதையும் பூட்டுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள். கையால் மரை பிடிக்கவைத்து அளவோடு முறுக்குங்கள். அலுமினிய மரை பலத்தைத் தாங்காது. கடைசியில் கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஃபேன் ஓடும்வரை என்ஜினை ஓடவிட்டுக் கசிவு பாருங்கள்.

அந்த அண்ணனுக்கு ஆன செலவு சென்சார் விலையும் கூலன்ட்டும்தான். கம்ப்யூட்டரை மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், புகையும் நின்றிருக்காது.

நாளை நாமும் பணிமனையில் நிற்கப்போகிறவர்கள். "மாத்திப் பார்ப்போம்" என்பது அடுத்தவர் காசில் ஆடும் சூதாட்டம். "அளந்து பார்ப்போம்" என்பதுதான் டிப்ளமோ படித்தவனுக்கு அழகு!