சொல்லத் தாமதிக்க வேண்டாம்

தவணை தவறிய வாடிக்கையாளர் ஒருவர் கிளைக்கு வந்தால், கணக்கைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் சொல்வது பெரும்பாலும் "தூக்கமே இல்லை சார்" என்பதாகவே இருக்கிறது. ஓய்வூதியம் பெறும் பெரியவர்கள், சிறு கடை நடத்துவோர், பிள்ளையின் கல்விக் கடனுக்குக் கையொப்பமிட்ட பெற்றோர் எனப் பலரிடமிருந்தும் வங்கியில் பணிபுரியும் நாங்கள் இதைக் கேட்கிறோம். பணக்கவலையும் மனக்கவலையும் ஒரே வீட்டில் குடியிருப்பவை. முன்னதற்கு வங்கியை நாடும் நாம், பின்னதை யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறோம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டில் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்ந்தனர். ஏறத்தாழ பத்தில் ஒருவர். ஆகவே இது யாரோ சிலருடைய துன்பம் அன்று. நம் வீட்டுக்கும் தெருவுக்கும் உரியது.

மூன்றும் ஒன்றல்ல

அன்றாடப் பேச்சில் எல்லாவற்றையும் 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு ஆகிய மூன்றும் வெவ்வேறானவை.

மன அழுத்தம் என்பது வெளியிலிருந்து வரும் சுமைக்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினை. தேர்வு, வேலை நெருக்கடி, திருமணச் செலவு எனக் காரணத்தைச் சுட்டிக் காட்ட முடியும். சுமை இறங்கியதும் பெரும்பாலும் அதுவும் இறங்கிவிடும்.

பதற்றம் என்பது சுமை இறங்கிய பின்னும், 'ஏதோ நடக்கப்போகிறது' என்ற அச்சம் விலகாமல் நிற்பது. நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், வயிற்றைப் பிசையும், தொலைபேசி ஒலித்தாலே மனம் திடுக்கிடும்.

மனச்சோர்வு வெறும் துக்கம் அன்று. விருப்பமாகச் செய்த செயல்களில்கூட நாட்டம் அற்றுப்போவது அதன் முக்கிய அடையாளம். தூக்கமும் பசியும் மாறும், கவனம் சிதறும், 'எல்லாம் என்னால்தான்' என்ற குற்றவுணர்வு அரிக்கும். இந்நிலை அநேகமாக எல்லா நாள்களிலும், நாளின் பெரும்பகுதியிலும் 2 வாரங்களுக்கு நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். நம் நாட்டில் பலர் இதை உடல்வலி, அசதி என்றே உணர்கின்றனர். தைராய்டு கோளாறும் இரத்தச்சோகையும் அசதியைத் தரும் என்பதால், முதலில் குடும்ப மருத்துவரிடம் காட்டுவதும் நல்லதே. இதைச் சோம்பல் என்றோ பலவீனம் என்றோ கருதுவதுதான் தவறு.

பேசக் கேட்கும் ஒருவர்

மனநல வல்லுநர் அருகில் இல்லாத ஊரில் என்ன செய்வது? கோவாவில் இதற்கு ஒரு விடை கிடைத்தது. அங்கு இயங்கும் 'சங்கத்' என்ற தொண்டு நிறுவனம், மனநலத் துறையில் முன்னனுபவம் இல்லாத உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி அளித்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகர்களாக அமர்த்தியது. கடுமையான மனச்சோர்வு கொண்ட 495 பேர் பங்கேற்ற இந்த ஆய்வின் முடிவு 2017இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஆறு முதல் எட்டு அமர்வுகள் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மூன்று மாதங்களில் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தனர். இந்த அமர்வுகள் இன்றி வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் அவ்வாறு மீண்டோர் 39 விழுக்காட்டினர்.

அந்த ஆலோசகர்கள் பின்பற்றிய கொள்கை எளியது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், செய்யத் தொடங்கினால் மனம் பின்தொடரும் என்பதே அது. காலையில் குறித்த நேரத்தில் எழுவது, சிறிது தூரம் நடப்பது, ஒரு நண்பரைச் சந்திப்பது எனச் சிறு செயல்களை நாளுக்கு ஒன்றாகக் குறித்துக்கொண்டு செய்யலாம். உறக்க நேரத்தில் கைப்பேசியைத் தள்ளி வைப்பதும், கவலையை மறக்க மதுவை நாடாதிருப்பதும் உடன் சேர வேண்டியவை.

நம்மிடம் ஒருவர் மனம் திறந்தால், "உனக்கென்ன குறை?" என்று கேட்பதையும் உடனே அறிவுரை சொல்வதையும் தவிர்ப்போம். குறுக்கிடாமல் கேட்பதும், மருத்துவமனைக்கு உடன் செல்வதும் பேருதவி. வாழப் பிடிக்கவில்லை என்ற சாயலில் அவர் பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் உதவியை அழைக்க வேண்டும்.

கவலை பணத்தைப் பற்றியதானால்

எல்லாக் கடன்களையும், தவணைத் தேதிகளையும், வரவையும் ஒரே தாளில் எழுதுங்கள். உருவமற்ற அச்சத்தைவிட எழுதி வைத்த தொகையை எதிர்கொள்வது எளிது. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதற்கு முன்பே கிளைக்கு வந்து பேசினால் தவணையை மாற்றியமைப்பது போன்ற வழிகளை ஆராய இடம் இருக்கும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கடனாளியை அழைக்கலாகாது, மிரட்டலாகாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாள்களில் தீர்வு கிடைக்காவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம்.

இணைய மோசடியில் பணம் இழந்த பலர் வெட்கத்தால் குடும்பத்தாரிடம்கூட மறைக்கின்றனர். 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு மிகுதி. மௌனத்தில் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் அவ்வாய்ப்பைக் குறைக்கிறது. மனம் கலங்கிய நேரத்தில் வைப்புத்தொகையை முறிப்பது, சொத்தை விற்பது போன்ற பெரிய முடிவுகளை, இயன்றால் நம்பகமான ஒருவருடன் கலந்த பின் எடுப்பது நலம்.

உதவி எங்கே?

நடுவண் அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. காத்திருப்புக் காலம் எவ்வளவு, புறநோயாளிச் சிகிச்சை சேருமா என்பதை உங்கள் பாலிசியில் இன்றே பார்த்து வையுங்கள்.

கடனானாலும் மனமானாலும், முன்கூட்டிச் சொன்னவருக்கு வழிகள் மிகுதி என்பதே கவுண்டருக்கு இப்பால் அமர்ந்து நாங்கள் கற்றது. சில நாள்களாகத் தொலைபேசியை எடுக்காத, கூட்டத்துக்கு வராத ஒருவர் உங்கள் நினைவுக்கு வந்தால், இந்த வாரமே அவரை அழையுங்கள்.