ஒரு ரொட்டிக்கு 12 மீற்றர் ஓரம்

கண்டிக்கு அருகே, மடவளை பஸாரில் பொழுது சாய்ந்தால் இரும்புத் தட்டில் ரொட்டி கொத்தும் சத்தம் தெருவுக்கே கேட்கும். வாடிக்கையாளரைக் கூப்பிட எழுப்பும் ஓசை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கொத்து ரொட்டியின் ருசியில் பாதி அந்தக் கொத்தலில்தான் பிறக்கிறது.

கோதுமை மாவில் கிளையடின், குளூட்டெனின் என்று இரு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் இவை பிணைந்து குளூட்டன் வலையாகின்றன. எண்ணெயில் ஊறவிட்டால் அந்த வலை இறுக்கம் தளர்கிறது. அதனால்தான் கொத்துக்கான வீச்சு ரொட்டியைக் கிழியாமல் மெல்லிய துணிபோல விரிக்க முடிகிறது.

சுட்ட ரொட்டியைக் கடைக்காரர் உடனே கொத்துவதில்லை, அடுக்கி ஆறவிடுகிறார். சூட்டில் குழைந்த மாச்சத்தின் மூலக்கூறுகள் ஆறும்போது மீண்டும் ஒழுங்காக அடுக்கமைந்து, ரொட்டி விறைக்கிறது. சூடாறாத ரொட்டியில் ஆணத்தை, அதாவது கறிக் குழம்பை, ஊற்றினால் களியாகும். ஆறிய ரொட்டி துண்டு துண்டாகவே நிற்கும்.

இனிக் கொத்தலுக்கு வருவோம். 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரொட்டியின் ஓரம் சுமார் 63 சென்ரிமீற்றர். அதையே 1 சென்ரிமீற்றர் சதுரத் துண்டுகளாக வெட்டினால், எல்லா ஓரங்களும் சேர்ந்து 12 மீற்றரைத் தாண்டும். ரொட்டியின் மேல்தோல் சூட்டில் காய்ந்து இறுகியது. உள்ளேயிருக்கும் மென்மையான பகுதி வெளியே தெரிவது வெட்டிய இடத்தில்தான். ஆணமும் முட்டையும் அந்த வழியாகவே உள்ளே இறங்குகின்றன.

மணத்துக்குக் காரணம் வேறு. 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மெய்லார்ட் விளக்கிய வினை அது: சூட்டில் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருள்களையும் தருகின்றன. சுமார் 140 பாகை செல்சியஸில் இது வேகமெடுக்கிறது. ஆனால் ஈரம் உள்ளவரை உணவின் சூடு தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டாது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரமுள்ள கண்டிப் பகுதியில் தண்ணீர் 98 பாகை சொச்சத்திலேயே கொதித்துவிடும்.

ஆகவே மணம் பிறக்க முதலில் ஆணத்தின் தண்ணீர் ஆவியாக வேண்டும். அதற்கு நிறைய வெப்பம் வேண்டும்: பூச்சியத்திலிருந்து கொதிநிலைவரை சூடாக்கத் தேவைப்படுவதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். மெல்லிய தாச்சி ஆணம் பட்டதும் குளிர்ந்துவிடும். கனத்த இரும்புத் தட்டோ வெப்பத்தைத் தேக்கி வைத்துத் தாக்குப்பிடிக்கிறது. கொத்திக் கிளறக் கிளற ஆவி வெளியேறி, ஒவ்வொரு துண்டும் தட்டில் பட்டு முறுகுகிறது.

பார்சல் கட்டினால் அந்த ஆவிக்குப் போக வழியில்லை. திரும்பத் தண்ணீராகி முறுகலை ஊறவைத்துவிடும். ஆகவே கொத்து ரொட்டியைக் கடையிலேயே உட்கார்ந்து, சூட்டோடு சாப்பிடுங்கள்.