ஒன்றாகத் தோன்றும் இரு கோளாறுகள்

மோட்டார் வண்டியில் நிலையாக நிற்கும் கோளாறைக் கண்டறிதல் எளிது. வந்து வந்து மறையும் கோளாறே மெக்கானிக்கின் பொறுமையைச் சோதிக்கும். வண்டி பட்டறைக்குள் நுழைந்ததும் அது ஒளிந்துகொள்ளும். அமெரிக்காவில் 1996 முதல் 2000 வரை வெளிவந்த டாட்ஜ் கிராண்ட் காரவான் வேன்கள் இதற்கு நல்ல உதாரணம். கியர் தானாக மாறும் இவ்வண்டிகள் முதுமையடைந்தபின், கியர் அமைப்பும் குரூஸ் கன்ட்ரோலும் சில வேளை ஒருங்கே முரண்டு பிடிப்பதுண்டு.

குரூஸ் கன்ட்ரோல் என்பது ஆக்ஸிலரேட்டரை மிதியாமலே வண்டியை ஒரே வேகத்தில் செலுத்தும் கருவி. கண்பார்வையற்ற பொறியாளர் ரால்ஃப் டீட்டர் 1950-ல் இதற்குப் பேட்டன்ட் பெற்றார்; 1958-ல் கிரைஸ்லர் வண்டிகளில் இது இடம்பெற்றது.

இரண்டும் ஒன்றாகக் கெடும்போது உடனே கியர்ப்பெட்டியைக் கழற்றுவது வீண் செலவு. இரண்டுக்கும் பொதுவான உறுப்பு யாது என்று முதலில் வினவ வேண்டும். முக்கியமானவை இரண்டு.

ஒன்று, பிரேக் மிதியின் மேலுள்ள ஸ்விட்ச். மிதியைத் தொட்டவுடன் இது குரூஸ் கன்ட்ரோலை நிறுத்துகிறது. டார்க் கன்வர்ட்டரின் உட்பூட்டையும் விடுவிக்கிறது. ஸ்விட்ச் தளர்ந்திருந்தால் சாலைக் குலுக்கலிலேயே இவ்விரண்டும் நிகழும். எஞ்சினின் சுற்று சில நூறு உயரும். கியர் வழுக்குவதாக ஓட்டுநர் எண்ணுவார். வேகமானியோ ஒழுங்காகக் காட்டும். பின்விளக்கை மட்டும் பார்த்து ஸ்விட்ச் நலமென்று முடிவு செய்யலாகாது. அதனுள் தனித்தனி மின்சுற்றுகள் உள்ளன. மிதியைக் கால்விரலால் மெல்ல அசைத்தவாறு ஒவ்வொரு சுற்றையும் மீட்டரால் சோதிக்க வேண்டும்.

மற்றொன்று, கியர்ப்பெட்டியின் வெளிப்பக்கத்தில் திருகப்பட்டுள்ள வேக உணர்வி. பற்சக்கரம் இதன்முன் சுழலும்போது சுருளில் மாறுமின்னோட்டம் பிறக்கிறது. வேகமானிக்கும் குரூஸ் கன்ட்ரோலுக்கும் வேகத்தை அறிவிப்பது இதுவே. இது பழுதானால் வேகமானியின் முள் துள்ளும் அல்லது விழும். வண்டி இரண்டாம் கியரிலேயே நின்றுவிடும். சாவியை அணைத்துத் திருப்பினால் மீண்டும் ஓடும். நோய் தீர்ந்ததென்ற மயக்கம் இங்கேதான் பிறக்கிறது! கம்ப்யூட்டரின் நினைவிலோ பி0720 என்னும் குறி பதிந்திருக்கும். சுருளின் மின்தடை 300 முதல் 1200 ஓம் வரை இருத்தல் வேண்டும். குளிர்ந்த நிலையில் அளந்தது போதாது. நன்கு ஓடிச் சூடேறியபின் மீண்டும் அளக்க வேண்டும், ஏனெனில் அறுந்த சுருள் குளிரில் ஒட்டி வெப்பத்தில் பிரிவதுண்டு. இணைப்பியின் பச்சைக் களிம்பையும் கவனிக்கவும்.

மேடேறும்போது மட்டும் குரூஸ் கன்ட்ரோல் தளர்ந்தால் கியரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அதை இயக்குவது எஞ்சினின் வெற்றிட உறிஞ்சல். ஏற்றத்தில் அது குறையும். சேமக்கலமோ ரப்பர்க் குழாயோ கசிகிறதா என்று பார்த்தால் போதும்.

திரவத்தைப் பற்றியும் ஒரு சொல். இப்பெட்டிக்கு உரியது ஏ.டி.எஃப்.+4 வகை. வேறு வகையை ஊற்றினால் உட்பூட்டு விழும் தருணத்தில் வண்டி அதிரும். அதனை ஸ்விட்ச்சின் குற்றமென்று கொண்டு அலைவோரும் உண்டு.